மூச்சுப் பயிற்சியில் தூங்கிய நர்சுகள்

செவ்வாய், இரவு.

நர்ஸ் ஸ்டெல்லாவின் ராஜினாமா ஏற்கப்பட்டது, வியாழனோடு நின்றுவிடுகிறார். தலைமை நர்ஸ் பிலோமினா மாலையில் சொன்னார்.

காலையில் அவர்கள் மருத்துவமனையில் நர்சுகளுக்கு மன அழுத்தத்தைத் தாங்கும் பயிற்சி. செய்திக்காகப் போயிருந்தேன். கண்ணை மூடி மூச்சை இழுத்துவிடச் சொன்னார் பயிற்சியாளர். ஐந்து நிமிடத்தில் அறை அடங்கிவிட்டது.

"பாருங்க சார், எவ்ளோ ரிலாக்ஸ் ஆயிட்டாங்க!" என்றார் என்னிடம்.

"தூங்கிடுச்சிங்க சார்," என்றார் பிலோமினா. "நைட்டு டூட்டி முடிச்சி வூட்டுக்குக்கூடப் போவாம வந்துருக்குதுங்க. எழுப்பிடாதீங்க."

ஸ்டெல்லா மட்டும் விழித்திருந்தார். "கண்ண மூடுனா வார்டுல பெல் அடிக்கிற மாதிரியே இருக்குது சார்."

அவர் போனால் அந்த வார்டில் இரவுக்கு ஒரே நர்ஸ்தான். கூடுதல் ஆள் கேட்ட கோப்பு மேலே இருக்கிறது. வெள்ளிக்கிழமை தெரியும் என்கிறார்கள். போன மாதமும் இந்த டைரியில் வெள்ளிக்கிழமை என்றுதான் எழுதிவைத்திருக்கிறேன்.