வள்ளி பேசிய கேசட்

ஜூன் 12, 1989. திங்கள்

விடிந்ததிலிருந்து மேல்காற்று. கொடியில் துணி நிற்கவில்லை. கம்பெனியில் பேண்டேஜ் துணி வெட்டி வெட்டி மூக்கெல்லாம் பஞ்சு.

பள்ளிக்கூடம் திறந்தாச்சு. வள்ளி ஒன்றாம் வகுப்பு. அழவில்லை. டீச்சர் அவள் பெயரைக் கேட்டதற்குப் பதிலும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

மாலையில் அவர் கடிதம். மிலிட்டரி குவார்ட்டர்ஸ் லிஸ்டில் அவர் பெயர் மேலே வந்துவிட்டதாம். அடுத்த மாதம் லீவில் வந்து எங்கள் இரண்டு பேரையும் கூட்டிப்போகப் போகிறார். கல்யாணமாகி ஏழு வருஷம், சேர்ந்து இருந்ததெல்லாம் லீவு நாட்கள்தான். அடுப்படியில் நின்றபடியே திரும்பத் திரும்பப் படித்தேன். கடைசியில், "பாப்பா இப்போ நல்லாப் பேசுவாளே. கேசட்டில் பேசவைத்து அனுப்பு. இங்கே எல்லாருக்கும் போட்டுக் காட்டணும்."

சந்தோஷம் அந்த வரியோடு போச்சு. வள்ளிக்கு இன்னும் ஒற்றை வார்த்தைதான் வருகிறது. போன லீவின்போது அவளுக்கு நாலு வயசு. "எங்கப்பாவும் லேட்டாத்தான் பேசுனாவளாம்" என்றார். நானும் தலையாட்டி வைத்தேன்.

நாளைக்கு: மண்ணெண்ணெய். வள்ளி சட்டைக்குப் பட்டன். கேசட்???

ஜூன் 13

காற்று அடங்கவில்லை. அத்தை (அவருடைய அம்மா) வள்ளியைத் தெருமுனைக் கடைக்கு அனுப்பினார். "உப்பு, சீரகம், வெல்லம்." வெல்லம் மட்டும் வந்தது.

"திங்கிறது மட்டும் ஞாபகம் இருக்கு பாரு கழுதைக்கு."

எனக்குச் சுருக்கென்றது. சாயந்திரம் நானே அனுப்பினேன், வரிசையை மாற்றி. வெல்லம், சீரகம், உப்பு. உப்போடு வந்து நின்றாள். சரியாக வாங்கிவிட்ட நினைப்பு, முகமெல்லாம் சிரிப்பு.

ஆக, தீனி ஆசை இல்லை. கடைசியாகக் காதில் விழுந்ததுதான் அவளிடம் நிற்கிறது. முன்னால் சொன்னதெல்லாம் எங்கே போகிறதோ. அத்தையிடம் சொல்லவில்லை. சொல்லி?

ஜூன் 15. வியாழன்

அரை நாள் லீவு போட்டு ஸ்டெல்லா டீச்சரைப் பார்த்தேன். திட்டப்போகிறார் என்று பயந்துகொண்டே போனேன். திட்டவில்லை.

"மக்கு இல்ல மாரி. படத்தைக் காட்டுனா உடனே எடுத்துக் குடுக்கா. வாயால நாலு வார்த்தை சேத்துச் சொன்னாத்தான் முழிக்கா."

கோடையில் மதுரை டாக்டரிடம் கூட்டிப் போனதைச் சொன்னேன். அந்த டாக்டரும் காதில் பழுதில்லை, நாக்கில் பழுதில்லை என்றார். கேட்டதைச் செத்த நேரம் மனசில் பிடித்துவைக்க முடியவில்லை, அதனால்தான் பேச்சும் சேர்ந்து வரவில்லையாம். மருந்து கேட்டேன். அதற்கு மருந்து கிடையாதாம். இதெல்லாம் அவருக்கு நான் எழுதவில்லை.

டீச்சர்: "ஒரு வார்த்தை மட்டும் சொல்லுங்க. அது நின்ன பொறவு அடுத்தது. நானும் தினம் செத்த நேரம் தனியா உக்காத்தி வச்சுச் சொல்லிக் குடுக்கேன்."

"எம்புட்டு நாளைக்கு டீச்சர்?"

"தெரியல மாரி. தெரிஞ்ச மாதிரிப் பொய் சொல்ல மாட்டேன்."

திரும்பி வரும்போது டவுன் பஸ்ஸில் அழுகை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். தூசி விழுந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

ஜூன் 18. ஞாயிறு

அத்தை பிடிவாதம், ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். ஆண்டாள் கையில் இருந்த இலைக்கிளியை வாங்கிக் கொடுத்தால் பிள்ளை கிளி மாதிரிப் பேசுமாம். கிளி கிடைத்தது, அதிர்ஷ்டம்தான். வள்ளி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டாள். வாசம் பிடித்தாள். மாதுளம்பூ மூக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"கிளி சொல்லு தாயி, பச்சைக்கிளி சொல்லு" என்றார் அத்தை.

"சொல்லு" என்றாள் வள்ளி.

பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். நல்ல சிரிப்புதான், குத்தம் சொல்ல முடியாது. எனக்குத்தான் அங்கே நிற்க முடியவில்லை. பால்கோவா வாங்க மறந்து வந்துவிட்டோம்.

ஜூன் 20

இலைக்கிளி வாடிவிட்டது. அலமாரியில்தான் இருக்கிறது.

எதிர்வீட்டு டேப்ரிக்கார்டரை வாங்கி வந்தேன். "அப்பா நான் வள்ளி, நல்லா இருக்கேன், சீக்கிரம் வாங்க." சொல்லிக் கொடுத்தேன். "வாங்க" என்றாள். மறுபடி. "வாங்க." அதட்டினேன், வாயை மூடிக்கொண்டாள்.

அப்புறம்தான் தோன்றியது. "அப்பா" என்று சொல்லிவிட்டு ரிக்கார்டு பட்டனை அமுக்கினேன். "அப்பா" என்றாள். டக்கென்று பட்டனை அமுக்கி நிறுத்தினேன். "நான்." டக். "வள்ளி." டக். பொழுது சாயும்வரை இதே வேலை. அவளுக்கு விளையாட்டாகிவிட்டது. டக் என்ற சத்தத்துக்கு ஒவ்வொரு முறையும் சிரித்தாள்.

போட்டுக் கேட்டேன். என் பிள்ளை முழுசாகப் பேசுகிறது. பொய்தான். ஆனாலும் கேட்டுக்கொண்டே இருந்தேன். உண்மையைச் சொன்னால் கூட்டிப்போவாரா? போய்ச் சேர்ந்துவிட்டால் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வார் இல்லையா?

ஜூன் 21

ரிஜிஸ்தர் பார்சல். போயாச்சு.

ஜூலை 22. சனி

காலை ரயிலில் வந்தார். ட்ரங்குப் பெட்டி, வள்ளிக்கு ஸ்வெட்டர். இங்கே எதற்கு ஸ்வெட்டர், அங்கே போகத்தானே என்று எனக்குள் ஒரு குதி.

வள்ளி அவர் மடியை விட்டு இறங்கவில்லை. அவர் ஒன்றுமே கேட்கவில்லை. பேசு என்று சொல்லவே இல்லை. ஷூவைக் காட்டி "ஷூ" என்றார். "ஷூ" என்றாள். 

ஜூலை 23

மத்தியானம் அத்தை தூங்கின பிறகு கேசட்டை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"மொத தடவை கேட்டப்பவே தெரிஞ்சிட்டு, மாரி. வார்த்தைக்கு வார்த்தை பட்டன் சத்தம். மத்தவன் கேட்டதுக்கு டேப்பு சிக்கிட்டுன்னு சொல்லிட்டேன்."

மதுரை, டீச்சர், கடை, எல்லாம் சொன்னேன். கோபப்பட்டிருக்கலாம். கோபப்படவில்லை.

"அங்க பூரா இந்தி. இந்தப் பிள்ளைக்கு ஒரு பாசையே நிக்க மாட்டேங்கு. குவார்ட்டர்ஸ் வேண்டாம்னு போன மாசக் கடைசியிலயே எழுதிக் குடுத்துட்டேன்."

"என்னைக் கேக்கல?"

"நீ என்னையக் கேட்டியா?"

கூடப் போக வேண்டும் என்றுதான் அந்த கேசட்டே. அதைக் கேட்டுத்தான் வேண்டாம் என்று எழுதியிருக்கிறார். வேறு என்ன எழுத.

ஜூலை 30

கடைக்கு அவர்தான் கூட்டிப் போகிறார். ஒரு சாமான், ஒரு நடை. திரும்பி வந்து அடுத்த சாமான். தெருவே பார்க்கிறது. "மிலிட்டரிக்காரரு பரேடு போறாவ" என்று எதிர்வீட்டில் கேலி. அவரும் சிரிக்கிறார். இந்த மனுஷனோடு சேர்ந்து இருக்கக் கொடுத்து வைக்கவில்லை எனக்கு.

டீச்சரைப் பார்த்துவிட்டு வந்தார். "இந்தப் பிள்ளைக்கு அவங்கதான் வேணும். நீ இங்கயே இரு." அவர் சொல்வது நியாயம். நியாயமாக இருப்பதுதான் தாங்கவில்லை.

ஆகஸ்ட் 6. ஞாயிறு

சாரல். ஸ்டேஷனில் கூட்டம். வழிக்கு எலுமிச்சைச் சாதம், அப்பளப்பூ. துண்டை வீட்டிலேயே விட்டுவிட்டார்.

பெட்டியில் ஏறி ஜன்னலில் உட்கார்ந்தார். "அடுத்த கேசட்டும் அனுப்பு. பட்டன் சத்தம் இருந்தா இருந்துட்டுப் போவுது" என்றார். நான் தலையாட்டினேன். 

வண்டி ஊதியது. வள்ளியைத் தூக்கிப் பிடித்து, "அப்பாவுக்கு டாட்டா சொல்லு" என்றேன்.

"சொல்லு" என்றாள்.

"சொல்லுதேன் தாயி, சொல்லுதேன்" என்று கையை ஆட்டினார். வண்டி நகர்ந்தது. "டாட்டா சொல்லு வள்ளி, டாட்டா சொல்லு." "சொல்லு. சொல்லு." எனக்குப் பதற்றத்தில் ஒன்றுமே ஓடவில்லை. கடைசிப் பெட்டியும் வளைவில் மறைந்த பிறகுதான் டீச்சர் சொன்னது நினைவுக்கு வந்தது.

"டாட்டா" என்றேன், அது மட்டும்.

"டாட்டா" என்றாள். பளிச்சென்று, அழகாக. வெறும் தண்டவாளத்தைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். இறக்கிவிட மனசு வரவில்லை.