தந்தி வந்தால் கிளம்பாதே

என் தங்கத்துக்கு,

அம்மா நல்ல சுகம். எல்லாக் கடிதத்திலும் இருக்கிற வரிதானே என்று தாண்டிப் போய்விடாதே, இந்தத் தடவை இரண்டு முறை படி. காய்ச்சல் இல்லை, நெஞ்சுவலி இல்லை, மாடிப்படி ஏறும்போது முழங்கால் மட்டும் முணுமுணுக்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? அச்சகத்தில் குனிந்து எழுத்துக் கோத்துக் கோத்துக் கழுத்து வலிக்கிறது என்று எழுதியிருந்தாய். நடுநடுவே எழுந்து நட. முறைக்கிறவர்கள் முறைக்கட்டும்.

இங்கே உன் பெரியப்பா வீட்டில்தான் ஒரே அமளி. மூத்தவளுக்கு வரன் கூடி வந்து, பேசி முடிக்கிற நேரத்தில் மாப்பிள்ளை வீட்டார், "தனியா ஓடிப்போய் வேலை பாக்குற பொண்ணு இருக்குற குடும்பமாச்சே" என்று இழுத்தார்களாம். அதிலிருந்து பெரியப்பா என்னைப் பார்க்கிற பார்வையே சரியில்லை. அப்பா போன பிறகு குடும்பத்தில் மூத்த ஆண் அவர்தான், உனக்கும் எனக்கும் அவர் வைத்ததுதான் சட்டம். அவர் ஒரு கையெழுத்துப் போட்டால் உன்னைத் திருத்த இல்லத்தில் அடைத்துவிடலாம், மாப்பிள்ளை வீட்டார் வாயும் அடைபட்டுவிடும். நீ இந்த ஊருக்குள் காலை வைக்க வேண்டியதுதான் பாக்கி. "அவ அம்மாவுக்கு முடியலன்னு ஒரு தந்தி அடிச்சா வராமலா போயிடுவா" என்று அவர் பெரியம்மாவிடம் சொன்னதை, அவர்கள் சமையலறையில் கையில் தம்ளரோடு நின்று என் காதாலேயே கேட்டேன். என்னை வைத்தே உன்னைப் பிடிக்கப் பார்க்கிறார் அந்த மனுஷன்.

அம்மா சும்மா பயப்படுகிறாள் என்று சிரிக்காதே. நான் இப்போது அந்த இல்லத்து வெளுப்புக்கூடத்தில்தான் இஸ்திரி போடப் போகிறேன். ஊரிலுள்ள ஓட்டல் விரிப்புகள் எல்லாம் அங்கேதான் வரும். அடைபட்ட பெண்கள் கொப்பரையில் அவித்துப் பிழிந்து நீலம் போடுவார்கள், வெளியிலிருந்து போகிற நாங்கள் தேய்ப்போம். ஜன்னல் கண்ணாடியில் ஆள் உயரத்துக்கு வெள்ளை பூசியிருக்கும். அவர்கள் எங்களோடு பேசக் கூடாது. ஆனால் பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும், ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு எதிரெதிரே நடந்து வந்து முனைகளைச் சேர்க்கும்போது மேற்பார்வைக்காரிக்குத் தெரியாமல் ஒரு வார்த்தை பேசிவிடலாம். அப்படி என் எதிரே வந்தவள் யார் தெரியுமா, தெருமுனைத் தையல்காரம்மாவின் மகள், உன்னோடு படித்த குள்ளச்சி. முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள், எனக்கு அடையாளமே தெரியவில்லை. நர்ஸ் வேலைக்கு வெளியூர் போனவள் இங்கே எப்படி என்று நான் திகைத்து நிற்க, "அம்மா பொழச்சுட்டாங்களா அத்தை?" என்று கேட்டாள். அவள் அப்பா அடித்த தந்தியை நம்பி ஓடி வந்திருக்கிறாள். ரயிலடியிலேயே இல்லத்து வண்டி காத்திருந்ததாம். உன் அம்மாவுக்கு ஒன்றுமே இல்லையடி, காலையில்கூட வாசலில் நின்று வம்பளந்தாள் என்று சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்துத்தான் சொன்னேன். "அப்ப நான் சும்மாவா வந்தேன்?" என்றவள் விரிப்பை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்து அழுதாள். அதற்கு என்ன தண்டனை கொடுத்தார்கள் என்பதை எழுத எனக்கு மனசு வரவில்லை. மகள் கடிதமே போடுவதில்லை என்று திட்டிக்கொண்டிருந்த தையல்காரம்மாவிடம் அன்றைக்கே போய்ச் சொன்னேன், மிஷினை நிறுத்தியவள் இன்னும் தொடவில்லை. இல்லத்து வாசலில் போய் நின்றால், கையெழுத்துப் போட்டவர் வந்தால்தான் விடுவோம் என்கிறார்களாம். போட்டவரோ வீட்டில் உட்கார்ந்து சோறு எங்கே என்று கேட்கிறார்.

இனிமேல் பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, ஒரு நடை வந்துவிட்டுப் போ என்று நான் எழுதும் கடிதங்கள் வரும். கை என்னுடையது, பேச்சு அவருடையது. லீவு கிடைக்கவில்லை என்று பணிவாகப் பதில் போட்டுக்கொண்டே இரு, பெரியப்பாவின் உடம்பையும் விசாரி, அதில் அவருக்கு மனசு குளிர்ந்துவிடும். இந்தக் கடிதத்தை மட்டும் அவர் கண்ணில் படாமல், பக்கத்து வீட்டு ரயில் கார்டின் மனைவி வேறு ஊரில் தபாலில் சேர்ப்பாள்.

ஒரு நாள் அந்தத் தந்தி மெய்யாகவும் வரும், எனக்கும் வயதாகிறதே. பொய் எது, மெய் எது என்று அங்கிருந்து உனக்குத் தெரியப்போவதில்லை, அதனால் எதற்கும் வராதே. உன்னைப் பார்க்காமல் நிம்மதியாகப் போய்விடுவேன் என்று அளக்க மாட்டேன், கடைசி மூச்சு வரை வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். இருந்தாலும் வராதே கண்ணு.

நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். குளிரில் கம்பளி இல்லாமல் வெளியே போகாதே. தந்தி வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மூச்சு அழுதுவிடு. மறுநாள் வேலைக்குப் போ.

உன் அம்மா