கரிக்கோட்டுக்குள் ஒரு படகு

என் சேலையில் குங்கிலிய வாசனை ஏறியிருக்கிறது. இன்று மத்தியானம் கிள்ளான் ஆற்றங்கரையில் உன் பாய்மரத் தொங்கான் படகைக் கண்டேன். பாய் சுருட்டிக் கிடந்தது. மேற்பலகைகளின் இடுக்கில் பஞ்சைத் திணித்து, எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தை உன் புருஷன் அப்பிக்கொண்டிருந்தார். நீ எங்கே என்று கேட்டேன். கையைத் துடைத்துக்கொள்ளாமலே சொன்னார். குளிர்காய்ச்சலாம். கொயினா மாத்திரை கிடைக்கவில்லையாம். ஜப்பான்காரன் தோற்றுப்போவதற்கு இரண்டு மாதம் முன்னால், கேரி தீவின் ஓரமாக நங்கூரம் போட்டிருந்தபோது போய்விட்டாயாம். நான்கு மாதமாக நீ இல்லை. எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

அழுகை வரவில்லை. முதலில் வந்தது பொறாமைதான். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

ஜப்பான்காரன் வந்த இரண்டாம் வருடம் அது. துறைமுகத்தில் சுமை இறக்கும் வேலை போய், முதலாளி கைவிட்ட பழைய தொங்கானைப் பழுதுபார்த்து, உன் புருஷன் விறகும் உப்பும் ஏற்றிக்கொண்டிருந்தார். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கும் லிஸ்டில் அவர் பெயர் ஏறிவிட்டது. வீட்டு நம்பரை வைத்துத்தான் லிஸ்ட் போட்டார்கள். அப்படியென்றால் நம்பரே இல்லாத இடத்துக்குக் குடிபோகலாம் என்று முடிவு செய்தவள் நீ. அவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

படகில் நீங்கள் இருவரும் படுத்து, சமைத்து, சாமான் வைத்துக்கொள்ள இருந்த இடம் எவ்வளவு என்று கயிற்றால் அளந்து வந்தாய். அதே அளவை வீட்டின் சிமெண்டுத் தரையில் அடுப்புக்கரியால் கோடு போட்டாய். ஆறடி நீளம், நாலடி அகலம். ஒரு மாதம் அந்தக் கோட்டுக்குள்ளேயே குடித்தனம் நடத்திப் பழக வேண்டும் என்பது உன் திட்டம். கோட்டுக்குள் அடங்காத எதுவும் படகுக்கு வராது. கட்டில் போனது. கண்ணாடி வைத்த அலமாரி போனது. அம்மிக்காக மட்டும் இரண்டு நாள் சண்டை நடந்தது.

"அம்மி இல்லாம எப்படிய்யா கறி வெக்கிறது?"

"படகு மிதக்கணுமா, கறி கொதிக்கணுமா? நீயே சொல்லு."

"ரெண்டும்தான்."

கடைசியில், சரக்கு இல்லாத நாளில் படகு நிலைகொள்ள அடியில் பாரம் வேண்டும்தானே என்று சொல்லி அம்மியை ஏற்ற வைத்தாய்.

நான் தினமும் வந்து பார்ப்பேன். ஒரு நாள் தெரியாமல் கரிக்கோட்டை மிதித்துவிட்டேன். நீ கோட்டுக்குள் சம்மணமிட்டு மரவள்ளிக்கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தாய்.

"ஏய், கோட்ட மிதிக்காதடி! நீ இப்போ கழுத்து வரைக்கும் தண்ணியில நிக்கிற, தெரியுமா?"

"கை கொடுத்துத் தூக்கேன்."

"ரெண்டு பேருக்கே மூச்சு முட்டுது. நீந்திப் போ."

நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். ஆனால் நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. 'நீயும் வா' என்று ஒரு வார்த்தை சொல்வாய் என்று அந்த மாதம் முழுவதும் காத்திருந்தேன். உன் படகின் பாயைத் தைத்தது யார்? பகலெல்லாம் ஜப்பான் கம்பெனிக்குச் சாக்கு தைத்துவிட்டு, சாயங்காலம் அதே கோணி ஊசியோடு உன் வீட்டு வாசலில் உட்கார்ந்து, பழைய தார்ப்பாய்த் துண்டையும் மாவுச்சாக்கையும் ஒட்டித் தைத்தேன். விரல் நுனியெல்லாம் பொத்தல். ஒவ்வொரு தையலிலும் வயிறு எரிந்தது. இருந்தாலும் மட்டமாகத் தைக்க எனக்குக் கை வரவில்லை. அந்தப் பாய் இரண்டு வருடம் தையல் விடவில்லை என்று இன்று உன் புருஷன் சொன்னார்.

நாங்கள் மூவரும், அம்மா, தம்பி, நான், அப்போது ஒரு அறையின் பாதியில் இருந்தோம். மறுபாதியில் இன்னொரு குடும்பம். நடுவில் சாக்குத் திரை. அவர்கள் இருமினால் திரை ஆடும். உனக்கோ வீட்டு வரிசையின் கடைசியில் தனி வீடு, தனி அடுப்பு. அதையும் விட்டுவிட்டு ஆறு முழுவதையும் எடுத்துக்கொண்டு போகிறாய். எனக்குப் பொறுக்கவில்லை. படகு கிடைக்காவிட்டால் வீடாவது வேண்டும் என்று கேட்டேன். கேட்ட விதமும் நல்லதாக இல்லை.

நீ தோலுரிப்பதை நிறுத்தினாய்.

"இந்த வீடு வேணாம்டி. நம்பர் லிஸ்ட்டுல இருக்கு. நாங்க போயிட்டா அவன் வீட்டத்தான் தேடி வருவான்."

"அவன் தேடுறது உன் புருஷன் பேர."

"சொல்றதக் கேளு லா. பூட்டிக் கெடக்கட்டும்."

"உனக்குக் கடல் வேணும். எனக்கு நாலு சுவரு கூட ஆகாதா?"

நீ வேறு யாருக்கோ வைத்திருக்கிறாய் என்று நினைத்தேன். போகிறபோதும் எனக்கு ஒன்றும் மிஞ்சக் கூடாது என்ற கெட்ட எண்ணம் உனக்கு என்று நினைத்தேன். புறப்படும் அன்று காலையிலும் ஒருமுறை சொன்னாய்: "வேணாம்டி." படகு திரும்பி ஆற்று வளைவில் மறைந்ததும் அம்மாவையும் தம்பியையும் அழைத்துக்கொண்டு நேராக அந்த வீட்டுக்குள் நுழைந்தேன். பூட்டை உடைத்தது நான்தான்.

ஒரு நாள் அம்மா வெளியே போயிருந்தபோது உன் கோட்டுக்குள் நீட்டிப் படுத்துப் பார்த்தேன். தரை தரையாகத்தான் இருந்தது. மறுநாள் அம்மா தேங்காய் மட்டையால் கோட்டைத் தேய்த்துக் கழுவிவிட்டாள்.

மூன்றாம் வாரம் லோரி வந்தது. ஆள் பிடிக்கும் கண்காணி இறங்கி நம்பரைப் பார்த்தான். தம்பி குழாயடியில் சட்டை அலசிக்கொண்டிருந்தான். இருபது வயது.

அம்மா ஓடிப்போய், "இது நாங்க இல்லய்யா, அவங்க போயிட்டாங்க, பேர பாருங்க" என்றாள்.

"பேரு யாருக்கும்மா வேணும்? நம்பருக்கு ஒரு ஆள் வேணும்."

ஈரச் சட்டையைக் கையில் பிடித்தபடியே தம்பி லோரியில் ஏறினான். உடுத்திக்கொள்ளக்கூட விடவில்லை. அதே வரிசையின் முதல் வீட்டில் லிஸ்ட் எழுதும் கிராணியின் மகன், தம்பியைவிடப் பலசாலி, சைக்கிளைத் துடைத்துக்கொண்டு நின்றான். அந்த வீட்டுக்கும் நம்பர் உண்டு. லிஸ்டில் மட்டும் இல்லை. வெள்ளைக்காரத் துரைமார் முதல் கப்பலில் போனபோது அதற்குப் பெயர் பின்வாங்கல். உன் புருஷன் போனால் ஓடிப்போனவன். என் தம்பியை இழுத்துப் போனால் அவன் தொண்டனாம். எழுதுகிறவன் கையில் பென்சில் இருக்கிறது, எதையும் எழுதிக்கொள்கிறான்.

நீ கேள்விப்பட்டு வந்தாய். அடுத்த மாதம் படகைக் கட்டிவிட்டு ஒரு பகல் முழுவதும் கரையிலேயே உட்கார்ந்திருந்தாய் என்று காப்பிக்கடைக்காரர் சொன்னார். நான் வரவில்லை. நீ கொடுத்தனுப்பிய கருவாட்டுப் பொட்டலத்தை மட்டும் வாங்கிக்கொண்டேன். அம்மா தொடவில்லை. நான் இரண்டு முறை போட்டுக்கொண்டு சாப்பிட்டேன்.

எச்சரித்தவள் நீ, கேட்காதவள் நான். கணக்குப்படி உன்மேல் கோபப்பட எனக்கு எந்த உரிமையும் இல்லை. உரிமை இல்லாத கோபம் ஆறவே ஆறாது போலிருக்கிறது. உன்னைக் கடைசியாகப் பார்த்ததும் அப்படித்தான். அரிசிக்கு நாலு மணி நேரம் வரிசையில் நின்று, கிடைக்காமல், சிரங்குக் காலை இழுத்துக்கொண்டு பாலத்தில் வந்தேன். கீழே உன் படகு போனது. நான் தைத்த பாய் காற்றில் உப்பியிருந்தது. நீ தலை முழுகிவிட்டு, கூந்தலை விரித்து, வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாய். கறுத்து இளைத்திருந்தாய். ஏதோ சொல்லி அவரைத் திட்டிக்கொண்டிருந்தாய். கூப்பிட்டிருந்தால் நிமிர்ந்து பார்த்திருப்பாய். பாலத்துக்கு அடியில் நீ நுழைந்து, மறுபக்கம் வெளிவந்து, சிறுத்துப் போகும்வரை வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

இன்று உன் புருஷன் பலகை போட்டு என்னைப் படகில் ஏறச் சொன்னார். இந்த இரண்டு வருடத்தில் முதல் முறை. நீ சமைத்த மூலையில் உட்கார்ந்தேன். ஒருவர் காலை நீட்டினால் இன்னொருவர் மடக்க வேண்டும். நீ பொய் சொல்லவில்லை, மூன்றாவது ஆளுக்கு அங்கே நிஜமாகவே இடம் இருந்திருக்காது.

"அவளுக்கு உன்மேலதான் பொறாமை, தங்கச்சி. ஆடாத தரையில தூங்குறாளேன்னு சொல்லுவா" என்றார்.

நான் நம்பவில்லை. துக்கம் கேட்டவளுக்குச் சொல்லும் ஆறுதல் அது.

பிறகு வேலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அம்மாவைக் கூட்டிக்கிட்டு வந்துடேன். நான் மேலே சரக்குப் பக்கம் படுத்துக்குவேன். சமைக்க ஆளில்ல, பாய் பிடிக்க ஆளில்ல. வெளிக்காத்து அம்மாவுக்கும் நல்லது."

சமைக்க ஆளில்லை என்பதை மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. நான் போனால் ஊர் என்ன பேசும் என்றும் தெரியும்: தோழி புருஷன்மேல் கண் வைத்தாள் என்பார்கள். என் கண் என்றைக்குமே படகின்மேல்தான். நீ கூப்பிட வேண்டும் என்று நான் ஏங்கிய வார்த்தை, உன் இடத்தோடு சேர்ந்து, நீ செத்த பிறகு வந்து சேர்ந்திருக்கிறது. ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"முடியாது, அண்ணே. சயாம்ல இருந்து ஆளுங்க திரும்பிக்கிட்டு இருக்காங்க. போன வாரம்கூட ரெண்டு பேர் வந்தாங்க. தம்பி திரும்பினா எங்களத் தேடி வர்றது அவன ஏத்திக்கிட்டுப் போன அந்த வீட்டுக்குத்தான்."

"வருவானா?"

"தெரியல."

அவர் குங்கிலியச் சட்டியை மறுபடி கையில் எடுத்தார். நாளை காலை நீரேற்றத்தோடு புறப்படுகிறார்.

பலகை வழியாகக் கரையில் இறங்கினேன். தரை ஆடியது. காப்பிக்கடைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைக்காரர் சிரித்து, "படகுல இருந்து எறங்கினா அப்படித்தான்மா, கொஞ்ச நேரத்துல நின்னுடும்" என்றார். வீட்டுக்கு வந்து, கதவைத் தாழிடாமல் சாத்திவிட்டு, இதை எழுதுகிறேன். விளக்கேற்றும் நேரம் ஆகிவிட்டது. அந்த ஆட்டம் இன்னும் நிற்கவில்லை. கண்ணை மூடினால் தரை மெல்ல எழும்பி இறங்குகிறது. நீ இதை இரண்டு வருடம் முழுசாக அனுபவித்தாய். எனக்கு ஒரு சாயங்காலம்தான். அது நின்றுவிடக் கூடாது என்று அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன்.