ஊற்றுள்ள காணி

செவ்வாய்க்கிழமை, அடைமழை.

கல்லையும் மண்ணையும் படித்து என்ன உத்தியோகம் கிடைக்கும் என்று, கம்பஸில் புவிச்சரிதவியல் படித்த மகளை நாலு வருடம் கேலி செய்தேன். இப்போது மண்சரிவு பார்ப்பதுதான் அவள் உத்தியோகம்.

என் மிளகுக் கடையில் வேலைக்கு நிற்கும் செல்வத்துக்குப் பல்லேபொல மலைச்சரிவில் நான் விற்ற காணியை இன்று மகளுக்குக் காட்டினேன். அவன் அங்கேதான் வீடு கட்டி, பிள்ளைகளோடு இருக்கிறான். போன மழையில் புதிதாகக் கிளம்பிய ஊற்றைச் சொல்லித்தான் விலையை ஏற்றியிருந்தேன்.

அவள் கலங்கல் தண்ணீரை அள்ளிப் பார்த்தாள். "வாப்பா, புது ஊத்துல கலங்கல் தண்ணி வந்தா மலை நகருதுன்னு அர்த்தம். இங்க யாரும் படுக்கக் கூடாது."

"பயம் காட்டாத மகள். ரிப்போர்ட்ல எழுதாத" என்றேன்.

செல்வம் சிரித்தான். "மொதலாளி பாத்துக் குடுத்த காணி தங்கச்சி. ஒண்ணும் ஆகாது."

நான் மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இப்போது இரவு. அவன் போன் வேலை செய்யவில்லை. மகள் வேன் சாவியோடு வாசலில் நிற்கிறாள். அவள் சொன்னால் அவன் பிள்ளைகளோடு அந்த வீட்டை விட்டு இறங்க மாட்டான். அந்தத் தண்ணீரைப் பற்றி எனக்கு எதுவுமே தெரியாது என்று நானே போய்ச் சொல்ல வேண்டும்.