ஒரே ஒரு காந்தாரம்

அன்புத் தோழியே,

இன்று கராஜை ஒழிக்கும்போது, தொலைந்துபோனதாக நினைத்த நம் பியானோ புத்தகம் கிடைத்தது. ஒவ்வொரு சுரக் குறிக்கும் கீழே உன் பென்சில் எழுத்து: ச, ரி, க, ம. அந்தச் சந்தோஷத்தில், பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்தே எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், அமெரிக்காவின் ஃப்ரீமான்ட்டில், கணவர்களின் விசாவில் வந்து வீட்டில் அடைபட்டிருந்தோம். "வேலைக்குத்தான் போகக் கூடாது, படிக்கலாம்ல?" என்று என்னை மாலைநேர பியானோ வகுப்புக்கு இழுத்துப் போனாய்.

ஒரு சின்ன மெட்டு, அதையே மாற்றி மாற்றி வாசிக்க மூன்று வேரியேஷன், ஒரே பியானோவில் நாம் இருவரும்: வலப்பக்கம் மேல் சுரங்களில் நான், இடப்பக்கம் கீழ்ச் சுரங்களில் நீ. முதலாவதில் மெட்டின் சுரங்களுக்கு நடுவே பொடிப்பொடியாகப் புதுச் சுரங்கள் புகுந்துகொண்டன. இரண்டாவதில் மெட்டையே காணோம்.

"என்னடி இது, பாட்டு எங்க போச்சு?"

"என் பக்கம் கேளு. மேல இருந்தது கீழ எறங்கிடுச்சு, அவ்ளோதான்."

மூன்றாவதை வாசித்ததும் நீ எழுந்தே நின்றுவிட்டாய். "ஒரே ஒரு காந்தாரத்தை, அந்த 'க'வை மட்டும், எறக்கிட்டாங்கடி. சங்கராபரண ராகம் கௌரிமனோகரி ஆயிடுச்சு." நடை அதேதான். ஆனால் சிரித்துக்கொண்டிருந்த மெட்டு இப்போது அழுதது.

அரங்கேற்றத்துக்கு ஆசிரியை வைத்த நிபந்தனை ஒன்றுதான்: தப்பாக வாசிக்கலாம், பாதியில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் இனி பியானோவையே தொடுவதில்லை என்று நான் சபதம் வேறு போட்டிருந்தேன். மூன்றாவதில் அந்தக் காந்தாரம் வந்தது. கர்நாடகப் பாட்டு கற்ற பழக்கதோஷம், விரல் அதை அசைத்துவிட்டது. பியானோவில் கமகம் வருமா? பக்கத்துக் கட்டையும் சேர்ந்து அலற, எந்த வரியில் இருக்கிறோம் என்று தெரியாமல் நான் நிறுத்திவிட்டேன்.

நீ நிறுத்தவில்லை. கடைசி வரிக்குத் தாவி, கச்சேரியில் முடிப்பதுபோல அதைத் திருப்பித் திருப்பி வாசித்தாய். "மூணு தடவை வரும், சேந்துக்கோ" என்று முணுமுணுத்தாய். மூன்றாவது தடவை சேர்ந்துகொண்டேன். ஒன்றாக முடித்தோம். கைதட்டலுக்கு நடுவே ஆசிரியை, "இது புத்தகத்தில் இல்லையே" என்றார். "எங்க ஊர்ல உண்டு" என்று நீ ஆங்கிலத்தில் சொன்னாய்.

நீ கண்ணை மூடி இரண்டு வருடம் ஆகிறது. நான் பியானோவை விடவில்லை. இப்போதும் பெஞ்சின் வலது ஓரத்தில்தான் உட்கார்ந்து, என் பங்கை மட்டும் வாசிக்கிறேன். முடிவு வந்ததும் கடைசி வரியை மூன்று தடவை வாசிக்கிறேன்.

சேந்துக்கோடி.