ஐந்தாம் எண் இரும்பை ஏன் நிறுத்தச் சொன்னீர்?

உம்மீது எனக்கிருக்கும் குறைகளை முதலில் வரிசைப்படுத்திவிடுகிறேன். தராசுகளைச் சோதித்து முத்திரையிடும் ஆய்வாளனாக இத்தனை வருடம் எழுதிப் பழகிய முறை இது. உமக்காக அதை மாற்றிக்கொள்ளும் மனநிலையில் இப்போது நான் இல்லை.

1. மாசி, மூன்றாம் ஞாயிறு: உம் இதயம் பலவீனமாகிவிட்டதென்று திருநெல்வேலி மருத்துவர் சொல்லி நான்கு நாள் ஆகியிருந்தது. எங்கே போயிருந்தீர் என்று கேட்டேன். "பல்லப் பிடுங்கப் போனேன் வே" என்றீர்.

2. பங்குனி, முதல் ஞாயிறு: உம் பழைய கோல்ஃப் மட்டையை, அந்த ஐந்தாம் எண் இரும்பை, சோதனையிலிருந்து நிறுத்தச் சொன்னீர். வெயிலைக் காரணம் காட்டினீர்.

3. சித்திரை, இரண்டாம் ஞாயிறு: உம் உடம்பின் குறையைப் புது மட்டையின் மேல் ஏற்றி, அதை என் கையாலேயே எழுத வைத்தீர்.

4. வைகாசி, முதல் ஞாயிறு: பொய்யென்று தெரிந்தே அறிக்கையில் கையெழுத்திட்டீர். அதே தாளில் என் கையெழுத்தும் இருக்கிறது.

5. வைகாசி, கடைசி வெள்ளி: இவற்றில் எதையும் திருத்தாமல் போய்விட்டீர்.

உம் மனைவி உம்முடைய மட்டைப் பையை இரண்டு வாரங்களுக்கு முன் எனக்குக் கொடுத்தனுப்பினார். ஜிப்பைத் திறந்ததும் ரப்பர் வாடையும் பெட்ரோல் வாடையும் சேர்ந்து வந்தன. மட்டைக்குப் புதுக் கைப்பிடி மாட்டும்போது அது வழுக்கி இறங்குவதற்காக உள்ளே கொஞ்சம் பெட்ரோல் ஊற்றுவீர். வளைகுடாவில் ஒரு கோல்ஃப் மைதானத்தின் பட்டறையில் இருபது வருடம் அந்த வேலையைச் செய்துவிட்டு வந்தவர் நீர். சங்கரன்கோவிலுக்கு வந்து குடியேறிய பிறகும் கொடைக்கானலிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் மட்டைகள் கூரியரில் உம்மைத் தேடி வந்துகொண்டிருந்தன. கூரியர் கடைப் பையன்கள் உம்மை 'கம்பு பாய்' என்றுதான் சொல்வார்கள். உமக்கும் அது தெரியும்.

அந்த வாடைக்காகவே ஜிப்பை மூடி இன்னொரு முறை திறந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அப்போது எனக்குக் கோபம் இல்லை. திடீரென்று நெஞ்சு வலித்துப் போய்விட்டீர் என்றுதான் உம் அடக்கத்தின்போதும் நம்பிக்கொண்டு நின்றேன். பையின் பக்கவாட்டு அறைக்குள் கைவிட்ட பிறகுதான் எல்லாம் தலைகீழானது. அதைப் பின்னால் சொல்கிறேன். நீர் ஒழுங்கைக் குலைத்தீர் என்பதற்காக நானும் குலைக்க வேண்டியதில்லை.

தை மாதம் கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து ஒரு சிறு பட்டறைக்காரர் புது ஹைபிரிட் மட்டை ஒன்றை உமக்கு அனுப்பியிருந்தார். அதைப் பார்த்து, "இதென்ன, இரும்பும் இல்லாமல் மரமும் இல்லாமல்?" என்று கேட்டேன். மடியில் குழந்தையைப் போல வைத்துக்கொண்டு விளக்கினீர். தண்டு ஏறத்தாழ இரும்பு மட்டையின் நீளம். தலை மட்டும் மரமட்டையைப் போலப் பின்பக்கம் புடைத்தது. எடை கீழேயும் பின்னாலும் ஒதுங்கியிருப்பதால், நீண்ட இரும்பில் பந்தைத் தூக்கத் தெரியாதவர் அடித்தாலும் பந்து எழும்ப வேண்டும். அது உண்மையில் எழும்புகிறதா என்று பார்த்துச் சொல்வதுதான் நமக்கு வந்த வேலை.

"நல்லா ஆடுதவனுக்கு எந்த மட்டையும் ஒண்ணுதான் வே. ஞாயித்துக்கெழம மட்டும் ஆடுதான் பாரும், அவனுக்குத்தான் மட்ட சரியா இருக்கணும்" என்றீர்.

அப்படிப்பட்ட ஆட்டக்காரர் நீர்தான். ஆயிரக்கணக்கான மட்டைகளைச் சரிசெய்தவர், ஆட்டம் மட்டும் சுமார். தோள்பட்டை விலகிய எனக்கு அதுவும் வராது. ஆகவே நீர் அடிக்க, நான் அளக்க என்று ஆயிற்று.

சோதனை முறையை வகுத்தது யார் என்பதை உமக்கு நினைவூட்ட விரும்புகிறேன். ஒரு நாள் புளியங்குடி எலுமிச்சைச் சந்தைக்கு என்னுடன் வந்தீர். மூட்டைகளுக்கு நடுவில் நான் என் பெட்டியைத் திறந்து, பித்தளை எடைக்கற்களை ஒவ்வொன்றாகத் தராசில் வைத்ததைப் பார்த்துக்கொண்டு நின்றீர். திரும்பி வரும் பேருந்தில் சொன்னீர்: "ஒம்ம பித்தளக் கல்லு மாதிரி நமக்கும் ஒண்ணு வேணும் வே. என்னோட பழைய அஞ்சாம் நம்பர் இரும்ப வச்சுக்கிடுவோம். அதுல எப்பவும் நான் அடிக்கது ஒரே தூரம்தான். மொதல்ல அது, பொறவு புதுசு." இயற்பியலில் முதுகலை முடித்த நான் சொல்லியிருக்க வேண்டியதை நீர் சொன்னீர். அன்று எனக்கு உம்மீது உண்டான மரியாதை பெரிது. இன்றைய கோபத்தின் அளவையும் அதை வைத்தே கணக்கிடலாம்.

ஊருக்கு வெளியே வற்றிக் கிடந்த குளம் நம் மைதானமாயிற்று. வெடித்த கரிசல் ஓரிடம், காய்ந்த கோரைத் தட்டை ஓரிடம், உம் வீட்டுத் தென்னைநார் மிதியடி ஓரிடம் என்று மூன்று வகைத் தரை. பந்து எங்கே படுகிறது என்று தெரிவதற்காக மட்டையின் முகத்தில் முகப்பவுடர் பூசுவீர். நடுவில் பட்டால் ஒரு வட்டம், ஓரத்தில் பட்டால் பாதி வட்டம். ஓரத்தில் பட்ட அடிகளைத்தான் நீர் மிகவும் விரும்பினீர். "இதுதான் வே நம்மாளு அடிக்க அடி. இதுல பந்து எங்க போவுதுன்னு எழுதும்" என்பீர். நான் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு ஓடுவேன்.

பனவடலிசத்திரத்து ஆட்டுக்காரர் நம்மை விடவில்லை. "என்ன அண்ணாச்சி, இத்தாம் பெரிய கொளத்துல இத்துனூண்டு பந்தத் தொலச்சுத் தொலச்சுத் தேடுதிய? ரெண்டு ஆடு வாங்கி விடுங்க. கூப்பிட்டாலாச்சும் வரும்."

"ஒம்ம ஆடு வருதாக்கும்? கெடாவக் காணும்னு நேத்துப் பூரா ரோடு ரோடா அலைஞ்சீராமே!" என்றீர்.

"அது கெடா. ஒங்க பந்து வெடிப்புக்குள்ள போனா வெள்ளாம வச்சாத்தான் வரும்."

மூன்று பேரும் சிரித்தோம். என் நோட்டின் மாசி மாதத்துப் பக்கங்களில் எண்களுக்கு இடையே அந்தச் சிரிப்பும் இருப்பதுபோல எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பக்கங்களில் இரும்பும் ஹைபிரிடும் அடுத்தடுத்த பத்திகளில் நிற்கின்றன. ஹைபிரிட் கொஞ்சம் தூரம் கூடுதல். கோரைக்குள்ளிருந்து அடித்தபோது நிறையவே கூடுதல். ஓரத்தில் பட்ட அடிகளிலும் பந்து எழும்பியது. நல்ல மட்டை என்று இருவரும் பேசிக்கொண்டோம்.

பங்குனி முதல் ஞாயிறன்று, "வெயிலு மண்டயப் பொளக்குது. இரும்ப விடும் வே, அதான் தெரிஞ்ச தூரமாச்சே. புதுச மட்டும் அடிப்போம்" என்றீர். நான் சரி என்றேன். ஒரு கடைக்காரர் என்னிடம், கல்லை வைக்காமல் தராசைப் பாருங்கள் சார், வெயிலாக இருக்கிறது என்று சொல்லியிருந்தால் அவரை என்ன செய்திருப்பேன் என்று உமக்குத் தெரியும். உம்மிடம் மட்டும் சரி என்றேன். இது என் குறை. உம் பட்டியலில் இதைச் சேர்க்கவில்லை, என் கணக்கில் தனியாக வைத்திருக்கிறேன்.

அதன் பிறகு வாராவாரம் தூரம் குறைந்தது. தரை, பந்து, காற்று எல்லாவற்றையும் சந்தேகித்தேன். அடிக்கிற ஆளைச் சந்தேகிக்கவில்லை. நீர் இடையிடையே மட்டையை ஊன்றிக்கொண்டு நிற்பதைப் பார்த்து, வெயில்தான் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். சித்திரையில் ஒரு நாள் மட்டையின் முகத்தை விரலால் சுண்டி, காதருகே வைத்துக் கேட்டுவிட்டுச் சொன்னீர்: "மொகம் செத்துப்போச்சு வே. மெல்லிசுத் தகடு, அடி தாங்கல. எழுதிக்கிடும்."

எழுதினேன். 'தொடர்ந்து அடிக்க அடிக்க முகத்தகடு சோர்ந்துபோகிறது. அன்றாட ஆட்டக்காரர்களுக்குப் பரிந்துரைக்க இயலாது.' இரண்டு கையெழுத்து இல்லாமல் எந்த அறிக்கையும் போகக்கூடாது என்பது நம் விதி. இரண்டும் போடப்பட்டன. பட்டறைக்காரர் மரியாதையாகப் பதில் எழுதினார். உங்கள் இருவர் சொல்லில் எங்களுக்கு நம்பிக்கை உண்டு, ஆடி முடிந்ததும் இந்த மட்டையின் அச்சை உருக்கிவிடுகிறோம் என்று. அந்தக் கடிதம் வந்தபோது நீர் இல்லை.

இப்போது அந்தப் பக்கவாட்டு அறைக்கு வருகிறேன். அதில் ஒரு மருந்துக்கடை உறை இருந்தது. பின்பக்கத்தில் உம் கையெழுத்து. மேலே 'அஞ்சாம் நம்பர் இரும்பு' என்று எழுதி, கீழே ஒவ்வொரு ஞாயிற்றுக்கும் ஒரு வரி. நாடா இல்லாததால் தப்படிக் கணக்கு. பங்குனி முதல் ஞாயிற்றிலிருந்து தொடங்கி, ஒன்றன்கீழ் ஒன்றாக எண்கள் சிறுத்துக்கொண்டே போகின்றன. கடைசி வரியில் எண் இல்லை. 'பந்து கண்ணுக்குத் தெரியுது. போய் எண்ண முடியல' என்று இருக்கிறது.

அன்று மாலையே உம் வீட்டுக்குப் போனேன். அந்த உறையைப் பார்த்ததும் உம் மனைவி எல்லாவற்றையும் சொன்னார். ஏன் என்னிடம் மறைத்தீர் என்று கேட்டேன்.

"சொன்னா நீங்க நோட்ட மூடிருவீகளாம் அண்ணே. 'பொறவு ஞாயித்துக்கெழமன்னா அவரு ஆப்பிள வாங்கிக்கிட்டு வந்து கட்டிலுக்குப் பக்கத்துல உக்காந்துருவாரு. எனக்கு அது வேண்டாம்'னாக. யாருட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாக."

அடுத்த ஞாயிறு காலை குளத்துக்குப் போனேன். ஆட்டுக்காரர் மீதியைச் சொன்னார். "ஒங்களுக்குத் தெரியாதா அண்ணாச்சி? வெள்ளன ஆட்டோவுல வந்துருவாக. அந்த இரும்புக் கம்ப வச்சு அடிப்பாக. எண்ணிக்கிட்டே மெல்ல நடப்பாக. பொறவு நீங்க வார வரைக்கும் அந்த ஒடமரத்தடியில படுத்துக் கெடப்பாக. ஒங்க பைக் சத்தம் கேட்டதும் எந்திரிச்சு, மண்ணத் தட்டிவிட்டுட்டு நிப்பாக பாருங்க, மாப்பிள மாதிரி."

நான் நோட்டை மூடியிருப்பேனா? மூடியிருப்பேன். ஆப்பிளும் வாங்கி வந்திருப்பேன். அந்த அளவுக்கு என்னை நீர் சரியாகவே எடைபோட்டிருந்தீர். ஆனால் மூடுவதா, மூடாமல் நாடாவைப் பிடித்துக்கொண்டு உம் கூடவே மெல்ல நடப்பதா என்று முடிவெடுக்கும் வாய்ப்பை எனக்குத் தந்திருக்க வேண்டும். உம் நோயை மறைத்ததை நண்பன் என்ற முறையில் என்றாவது நான் மன்னிக்கக்கூடும். நல்ல பொருளைக் கெட்ட பொருள் என்று என்னைச் சொல்ல வைத்ததை மன்னிக்க எனக்கு வழி தெரியவில்லை. இருபது வருடம் பட்டறையில் இருந்தவர், அந்த முகம் சாகவில்லை என்பதைச் சுண்டிய சத்தத்திலேயே அறிந்திருப்பீர்.

உம் உறையையும் என் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். தப்படிகளை மீட்டராக்கினேன். உம் கையில் இரும்பின் தூரம் கடைசியில் ஏறத்தாழப் பாதியாகியிருந்தது. ஹைபிரிட் ஐந்தில் ஒரு பங்குகூட இழக்கவில்லை. பலம் குறைந்துகொண்டே வந்த ஒரு மனிதருக்கு அந்த மட்டை கடைசிவரை பந்தைத் தூக்கிக் கொடுத்திருக்கிறது. அன்றாட ஆட்டக்காரருக்கு ஏற்றதா என்ற கேள்விக்கு இதைவிட நேரான விடை எந்தச் சோதனையிலும் கிடைத்திருக்காது. அந்த விடையைக் கையில் வைத்துக்கொண்டுதான் அதற்கு நேரெதிராகக் கையெழுத்திட்டீர்.

ஆட்டுக்காரரைப் பார்த்த அந்த ஞாயிறன்று குளத்தில் ஒன்று செய்தேன். கோரைக்குள் ஒரு பந்தை வைத்து, இந்தத் தோளை வைத்துக்கொண்டு, ஹைபிரிடால் அடித்தேன். பவுடரில் விழுந்தது கால் வட்டம்கூட இல்லை. ஆனாலும் பந்து எழும்பி, உடைமரத்தைத் தாண்டிப் போய் விழுந்தது.

"ஏ யப்பா! ஒங்களுக்கே எந்திரிச்சிட்டே!" என்றார் ஆட்டுக்காரர்.

திரும்பிப் பார்த்தேன், நீர் பார்த்தீரா என்று. பழக்கதோஷம்.

அந்தப் பழைய இரும்பு இப்போது என் அலுவலகப் பெட்டியோடு, பித்தளைக் கற்களின் பக்கத்தில் ஊர் ஊராக வருகிறது. ராயகிரியில் ஒரு கடைக்காரர், இது எந்த அளவைச் சோதிக்க சார் என்று கேட்டார். அடுத்த கல்லை எடுத்து அவர் தராசில் வைத்தேன்.

திருத்திய அறிக்கை தயாராகிவிட்டது. மட்டையின் மேல் குறை இல்லை, சோதித்த முறையில்தான் குறை என்று தெளிவாக எழுதி, என் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். இரண்டாவது இடம் உம்முடையது. அதை நிரப்ப வேறு யாரையும் கேட்கப் போவதில்லை. நம் விதியை முதன்முறையாக மீறி, அந்த இடம் வெறுமையாக இருக்கும்படியே அனுப்ப வேண்டிய நிலைக்கு என்னைக் கொண்டுவந்திருக்கிறீர்.

ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் உம்மிடம் விடை கேட்கிறேன். அந்த உறையைக் கிழித்துப் போட்டிருக்கலாம். போடவில்லை. நான் என்றாவது அந்தப் பையைத் திறப்பேன், சரிபார்ப்பேன், திருத்துவேன் என்று தெரிந்து எனக்காக வைத்தீரா? அல்லது இன்னும் எவ்வளவு தூரம் மிச்சமிருக்கிறது என்று உமக்கு நீரே பார்த்துக்கொள்வதற்காக, என்னை விட்டுவிட்டுத் தனியாக எண்ணினீரா?

ஆடித்தபசு அன்று ஊரெல்லாம் கூட்டமாக இருக்கும். கூரியர் கடை திறக்காது, அறிக்கையை அதற்கு முன்பே அனுப்பியாக வேண்டும். ஆகவே தபசுக்கு முந்தைய நாள் மாலை ஐந்து மணிக்குள் உம் பதில் எனக்கு வந்து சேர வேண்டும். எழுத்து மூலமாக, உம் கையெழுத்துடன்.