கழுவாமல் விட்ட கூழாங்கல்

என்னங்க என்று நான் கூப்பிட்டால் "ம்" என்பதோடு நிறுத்திக்கொள்ளும் என் மகராசனுக்கு,

உங்கள் மீன் உயிரோடு இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் மீதியை நீங்கள் ஒழுங்காகப் படிக்க மாட்டீர்கள்.

உங்கள் கருமாதி அன்று உங்கள் கறம்பக்குடி அக்கா வீட்டைக் கழுவிவிட்டார். தீட்டுக் கழிக்கும்போது வீட்டிலிருக்கும் பழைய தண்ணீரையெல்லாம் கொட்டிவிட வேண்டும் இல்லையா? குடம், அண்டா என்று எல்லாம் கொட்டியாயிற்று. நான் சொந்தக்காரர்களுக்கு நடுவில் கொல்லையில் உட்கார்ந்திருந்தேன். அக்கா உங்கள் கண்ணாடித் தொட்டியையும் விட்டுவைக்கவில்லை. உங்கள் ஃப்ளவர்ஹார்ன் மீனை வாளியில் போட்டு, தண்ணீரை மொண்டு கொட்டி, ஃபில்டர் பஞ்சைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, பிளீச்சிங் பவுடர் வாடை அடிக்கும் குழாய்த் தண்ணீரை நிரப்பியிருக்கிறார். "எந்தம்பி மீனு, சுத்தமா இருக்கட்டும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அது நீங்கள் கடைசியாக ஊற்றிய தண்ணீர்.

சாயங்காலத்துக்குள் மீன் ஒருக்களித்துப் படுத்துவிட்டது. செவுள் படபடவென்று அடித்தது. அக்கா வீட்டுக்காரர் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"சாகுறதுக்குள்ள கண்மாயில விட்டுருவோம்மா. போனவரு பேருக்குப் புண்ணியம்."

"வாளியக் கீழ வைங்கண்ணே."

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவரிடம் நான் குரலை உயர்த்தியது அன்றுதான். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் நீங்கள் சொல்வீர்களே, அதையே சொன்னேன். "இது மனுசன் நாலஞ்சு சாதி மீனக் கலந்து உண்டாக்குனது. எந்த ஆத்துலயும் இதுக்கு ஊரு கெடையாது. கண்மாயில விட்டா அங்க இருக்க கெண்டக் குஞ்செல்லாம் காலி." எனக்கே ஆச்சரியம், எப்போது இதையெல்லாம் மனப்பாடம் செய்தேன்?

உங்கள் போனில் புதுக்கோட்டை மீன் கடைக்காரர் நம்பரைத் தேடி எடுத்தேன்.

"தண்ணி எவ்வளவு மாத்துனீங்க?"

"எல்லாத்தையும்."

"பஞ்சு?"

"சோப்புப் போட்டு..."

"அட கடவுளே! அந்த அழுக்குல இருக்க கண்ணுக்குத் தெரியாத பூச்சிதானம்மா தண்ணியக் காப்பாத்துது. அடியில கெடக்குற கல்லையும் கழுவிட்டாங்களா?"

இல்லை. அக்காவுக்கு இடுப்பு வலி. குனிய முடியாமல் கூழாங்கல்லை அப்படியே விட்டிருந்தார். "அப்பப் பொழைக்க வழி இருக்கு" என்றார் கடைக்காரர்.

பழைய தொட்டித் தண்ணீரிலேயே நீங்கள் பஞ்சை அலசுவீர்கள். "அழுக்குலயே அழுக்கக் கழுவுற ஆள இங்கதான் பாக்குறேன்" என்று எத்தனை தடவை கேலி செய்திருப்பேன்! நீங்கள் ஏன் காரணம் சொல்லவில்லை? சொன்னீர்களா, நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லையா?

உங்கள் அலமாரியில் குளோரினை முறிக்கிற மருந்து இருந்தது. அதைச் சொட்டுச் சொட்டாக எண்ணி விட்டேன். அண்டாவில் தண்ணீர் பிடித்து ஒரு நாள் வெயிலில் வைத்து, தினமும் கால் தொட்டி மட்டும் மாற்றினேன். கல்லின் மேல் கை படவிடவில்லை. அக்கா விஷயம் தெரிந்து தினமும் போனில் அழுதார். "மீனு எந்திரிச்சிருச்சா ஆத்தா? நாந்தான் கொன்னுட்டேனா?" எனக்கும் பயம்தான். ஆனாலும், "பொழச்சிரும்க்கா, நான் விடமாட்டேன்" என்றேன்.

உங்கள் கைக்கு அது நாய்க்குட்டி மாதிரி வரும். என் கையைக் கண்டால் மட்டும் முட்டும். ஒன்பதாம் நாள் காலையில், தின்னாமல் கிடந்த தீவனத்தை எடுக்கக் கையை விட்டேன். பாய்ந்து வந்து விரலைக் கடித்ததே பார்க்கலாம்! "அட எடுபட்ட பயலே!" என்று கத்தினேன். அப்புறம் தரையில் உட்கார்ந்து அழுதேன். நீங்கள் போனதற்கும் சேர்த்து, அன்றுதான் வாய்விட்டு அழுதேன்.

போன வாரம் அக்கா வந்தார். "வீட்டப் பூட்டிட்டு எங்ககூட வந்துரு. தனியா என்ன செய்வ?" என்றார். அன்பாகத்தான் கேட்டார்.

"நான் வரலக்கா. இதுக்கு இந்தத் தொட்டிய விட்டா ஊரு இல்ல. எனக்கு இந்த வீடுதான் ஊரு."

நீங்கள் ஊற்றிய தண்ணீர் போய்விட்டது. உங்கள் காலத்து அழுக்கு அந்தக் கூழாங்கல்லில் இன்னும் இருக்கிறது. மீனைக் காப்பாற்றியது அதுதான். நான் இருக்கும்வரை அதை யாரையும் கழுவ விடமாட்டேன்.

கடி வாங்கிக்கொண்டே தீவனம் போடும்
உங்கள் வீட்டுக்காரி,
செல்வி